பஞ்சமும் பூகம்பமும் கூத்து மேடையும்

கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தில் சுவேத நதிக் கரையை ஒட்டி அமைந்த ஊர் கெங்கவல்லி. கொல்லிமலையில் மழை பொழிந்தால் அந்நதியில் நீர் வரும். பொழியாத ஆண்டில் மணல்தான். இந்த நதி கிழக்கே ஓடி, ஆத்தூர் வழியாக வரும் வசிஷ்ட நதியோடு கூடி, வெள்ளாறு என்னும் பெயர் பெற்று, நம்முன்னோர் மஹ்மூது பந்தர் என்றழைத்த பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கிறது. கடற்கரை ஊரான பரங்கிப்பேட்டைக்குப் புயல் வரும், ஆழிப்பேரலையும் வந்தது. ஆற்றின் தலைப்பக்கத்தில் உள்ள கெங்கவல்லிக்கு வரும் பேரிடரோ வேறு வகையானது. அதற்கு ஓசை இல்லை. ஒரு நாள் ஒரு மணி என்று குறிப்பிட அதற்கு நேரமும் இல்லை. மழை பெய்யாமற்போவதே அது.

பேரிடருக்குப் பின் அதிகாரிகள் கணக்கெடுக்க வருகின்றனர். வீடு, மாடு, பயிர், கிணறு, படகு என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் ஊரின் நாடக மேடைக்கு இடம் கிடைப்பது அரிது. கட்டடமாக நின்ற அரங்காவது இடிபாடாகக் கண்ணில் படும். கெங்கவல்லி, தம்மம்பட்டி, வீரகனூர் வட்டாரத்துக் கூத்துக்கோ கட்டடமே கிடையாது. அறுப்பு முடிந்த வயலிலோ, கோயில் திடலிலோ நான்கு மூங்கில் நட்டுப் பந்தலிட்டு, பின்பாட்டுக்காரர் அமர ஒரு பெஞ்சு போட்டு, ஒரு திரையைப் பிடித்தால் அரங்கு ஆயிற்று. விடிந்ததும் மூங்கிலைப் பிடுங்கி விடுவர். இடிவதற்கே ஒன்றும் இல்லாத இந்த அரங்கு பேரிடரில் எப்படி அழிகிறது, அழிந்தபின் எப்படி மீள்கிறது என்பதே நாம் ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட பொருள். அதைக் காண்பதற்கு முதலில், கல்லாலும் மரத்தாலும் கட்டிய அரங்குகள் விழுந்த ஊர்களுக்குச் சென்று வருதல் வேண்டும்.

அதற்கு முன் ஒரு சொல். கூத்தைப் பற்றி இஸ்லாமிய இதழில் எழுதலாமா என்று வினவும் அன்பர்கள் உளர். ஆகுமா ஆகாதா என்ற ஃபிக்ஹு விவாதத்துக்குள் நாம் புகவில்லை. அதற்குரிய ஆலிம்கள் இருக்கின்றனர். வரலாறு எழுதுபவனுக்கு நடந்தவற்றைச் சொல்லும் கடமை மட்டுமே உண்டு. நடந்தது என்னவெனில், மோசுல் நகரில் 1248-ஆம் ஆண்டு பிறந்த இப்னு தானியால் என்பார், மங்கோலியர் படையெடுப்பால் அந்நாடு நிலைகுலைந்த காலத்தில் கெய்ரோ வந்து சேர்ந்து, கண் மருத்துவராகப் பிழைத்து, நிழற்பாவை ஆட்டத்துக்கென மூன்று நாடகங்களை அரபியில் இயற்றி வைத்தார். அவை இன்றும் அறிஞர்களால் ஆராயப்படுகின்றன. நம் தமிழ் மேடையிலும் இராமாயண பாரதங்களோடு குலேபகாவலியும் லால் கௌஹரும் ஆடப்பட்டன. பக்த ராமதாஸ் நாடகத்தில் நவாபாக வேடம் புனைந்த ராஜமாணிக்கம் பிள்ளைக்கு, வாழ்நாள் முழுவதும் பெயருக்கு முன்னால் ‘நவாப்’ ஒட்டிக்கொண்டது. ஆகவே இது முற்றிலும் அயலார் வீட்டுக் கதை அன்று.

இனிக் கட்டடங்களின் கதைக்கு வருவோம். அரபிகள் உஷ்பூனா என்றழைத்த லிஸ்பன் நகரில், போர்ச்சுகல் மன்னர் முதலாம் ஜோஸே பெரும் பொருள் செலவிட்டு எழுப்பிய இசைநாடக மாளிகை 1755 மார்ச்சு இறுதியில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 1-இல் நேர்ந்த பூகம்பத்தில் அது அழிந்தது. ஏழே மாத வாழ்வு. அதே மாளிகை மறுபடி எழவேயில்லை. நகருக்கு வேறொரு பெரிய இசைநாடக அரங்கு 1793-இல்தான் வாய்த்தது. அரசனுடைய அரங்கு அரசனுடைய விருப்பம்போல் ஆயிற்று. அதில் நமக்குப் பெரிய பாடம் ஒன்றும் இல்லை.

மெஸீனாவின் கதை அப்படிப்பட்டதன்று. ஸிகில்லியா என்று அரபு நூல்கள் கூறும் சிசிலித் தீவின் துறைமுகம் அது. ஹஜ்ஜை முடித்துத் திரும்பிய அந்தலூஸிய அறிஞர் இப்னு ஜுபைரின் கப்பல் 1184 டிசம்பரில் அந்த நீரிணையில்தான் உடைந்தது. கரையேறக் காசில்லாத ஏழை முஸ்லிம்களுக்காக அந்நாட்டுக் கிறிஸ்தவ மன்னர் வில்லியம் பொருளுதவி செய்ததை அவர் தம் பயண நூலில் எழுதி வைத்திருக்கிறார். அத்தகைய ஊரில் 1908 டிசம்பர் 27 இரவு, விட்டோரியோ இமானுவேலே அரங்கில் ‘ஐதா’ என்னும் இசைநாடகம் நடந்தது. எகிப்தியக் கதை, 1871-இல் கெய்ரோவில் முதன்முதல் அரங்கேறியது. நாடகம் முடிந்து மக்கள் வீடு சென்று உறங்கினர். வைகறையில் பூமி அதிர்ந்தது, கடலும் பொங்கியது. நீரிணையின் இரு கரைகளிலுமாக ஏறக்குறைய 80 ஆயிரம் பேர் மாண்டதாகக் கணக்கிடுவர்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. அந்த அரங்கின் முகப்பும் சுவர்களிற் பெரும்பகுதியும் விழாமல் நின்றன. ஆயினும் அதில் மீண்டும் விளக்கேற 1985 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 76 ஆண்டுகளுக்கும் மேல்! திறந்த ஆண்டில் இசைத்தது அதே ‘ஐதா’வைத்தான். சுவர் நின்றிருந்தும் ஏன் இத்தனை காலம்? முதல் நாள் இரவு அங்கே அமர்ந்து கேட்டவர்களில் எத்தனை பேர் மறுநாள் உயிரோடிருந்தனர்? ஊரே மண்ணுக்குள் போய்விட்டது; எஞ்சியோர் மரக்குடில்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். ஆளில்லாத அரங்கு, தொழுவோர் இல்லாத பள்ளிவாசலைப் போன்றது. சுவர் நிற்பதால் ஜமாஅத் கூடிவிடாது.

இதற்கு மறுதலையாக, சுவரெல்லாம் எரிந்தும் ஓராண்டுக்குள் மீண்ட ஊர் டோக்கியோ. 1923 செப்டம்பர் 1, நண்பகலுக்கு இரு நிமிடம் முன்பு பூகம்பம். வீடுகளில் அடுப்பெரியும் நேரம். ஆகவே நடுக்கத்தைவிட நெருப்பே மிகுதியாக அழித்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இம்பீரியல் தியேட்டர் எரிந்தது. கபுகி நாடகத்தின் தலைமை அரங்காகிய கபுகிஸா அதற்கு இரண்டாண்டு முன்பே மின்சாரக் கோளாற்றால் தீப்பற்றி எரிந்துபோய், புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த நிலையில் மறுபடியும் எரிந்தது. தலைநகரின் பெரிய மேடைகள் அனேகமாகச் சாம்பலாயின.

நடிகர்கள் என்ன செய்தனர்? பலர் மூட்டை கட்டிக்கொண்டு ஒஸாக்காவுக்கும் கியோட்டோவுக்கும் சென்று அங்கிருந்த அரங்குகளில் ஆடினர். கபுகியில் ஒரு வழக்கம் உண்டு. தந்தை அல்லது குரு தாங்கிய மேடைப் பெயரை மகனோ மாணவனோ முறைப்படி ஏற்றுக்கொள்வான். தஞ்ஜூரோ என்ற பெயர் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து இவ்வாறு கைமாறி வருகிறது. பெயரோடு வேடமும், நடையும், கண்ணை உருட்டும் முறையும் கைமாறும். எடோ என்றழைக்கப்பட்ட பழைய டோக்கியோவில் தீ அடிக்கடி வரும், அரங்குகள் பலமுறை எரிந்தன, பெயர்கள் எரியவில்லை. நம் ஹதீஸ் கலையில் ஸனது என்கிறோமே, இன்னார் இன்னாரிடம் கேட்டார் என்று அறுபடாமல் தொடரும் சங்கிலி, அதன் சாயல் ஒன்றை இங்கே காண்கிறோம். இம்பீரியல் தியேட்டர் 1924-இல் திறந்தது. கபுகிஸா 1925 ஜனவரியில் திறந்தது.

அதைவிடச் சுவையானது ஒரு சிறிய அரங்கின் கதை. ஹிஜிகதா யோஷி என்ற பிரபு குடும்பத்து இளைஞர் ஜெர்மனியில் நாடகக் கலை பயின்றுகொண்டிருந்தார். பல்லாண்டுகள் ஐரோப்பாவில் தங்கிப் படிப்பதற்கென்று பணம் ஒதுக்கி வைத்திருந்தார். பூகம்பச் செய்தி எட்டியதும் படிப்பை நிறுத்தி, மாஸ்கோ வழியாக ஊர் திரும்பினார். அப்பொழுது டோக்கியோவில் வீடிழந்தோர் தங்குவதற்காகக் கட்டட விதிகளை அரசு தளர்த்தி, தற்காலிகக் கொட்டகைகளுக்கு இசைவு தந்திருந்தது. அந்தத் தளர்வைப் பயன்படுத்திக்கொண்டு, படிப்புக்கென வைத்திருந்த பொருளைக் கொட்டி, ஒஸானாய் கவோரு என்ற மூத்த நாடக ஆசிரியரோடு சேர்ந்து, ஏறக்குறைய ஐந்நூறு பேர் அமரக்கூடிய ஒரு கொட்டகை அரங்கை எழுப்பினார். சுகிஜி சிற்றரங்கு என்பது அதன் பெயர். 1924 ஜூன் 13-இல் திறந்தது. பூகம்பம் நிகழ்ந்து பத்து மாதங்கள்கூட முழுமையாகவில்லை. ஜப்பானிய நவீன நாடகத்தின் தாய்வீடு என்று பின்னாளில் அதைப் போற்றினர். 1945-இல் விமானக் குண்டுவீச்சில் அது அழிந்தது. அதில் பயின்றவர்கள் வேறு மேடைகளில் தொடர்ந்தனர்.

அரசு கொடுத்தது பணமன்று, ஒரு சட்டத் தளர்வு என்பதை நம் வாசகர்கள் உன்னிக் கொள்ளலாம். பேரிடருக்குப் பின் கலைஞன் முதலில் வேண்டுவது மாளிகையை அன்று. தலைக்கு மேல் ஒரு கூரை, அதன் கீழ் ஆட இசைவு. அவ்வளவே.

நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரிலும் இதுவே நடந்தது. 2019 மார்ச்சு 15 வெள்ளிக்கிழமையன்று இரு பள்ளிவாசல்களில் தொழ வந்த 51 பேர் கொல்லப்பட்ட ஊர் என்றே நம்மவர்க்கு அது நினைவில் நிற்கிறது. அதற்கு எட்டாண்டு முன்பு, 2011 பிப்ரவரி 22-இல், பூகம்பம் அவ்வூரில் 185 உயிர்களைக் கொண்டுபோனது. கோர்ட் தியேட்டர் என்ற உள்ளூர் நாடகக் குழு 1970-களிலிருந்து பழைய கல்கட்டடம் ஒன்றில் நடத்தி வந்த அரங்கு மூடப்பட்டது. குழுவினர் அடிங்டன் என்ற பகுதியில் பழைய தானியக் கிடங்கொன்றைப் பிடித்து, அதே ஆண்டு டிசம்பரில் நாடகம் தொடங்கிவிட்டனர். கிடங்கில் இருந்தபடியே பதின்மூன்று ஆண்டு காலம் தள்ளி, 2025-இல் நகர் நடுவே புதிய அரங்கு கண்டனர். கிடங்கில் ஆடிய ஆண்டுகளில் நடிகரும் தச்சரும் தையற்காரரும் சம்பளம் பெற்றனர். மெஸீனாவில் நிகழாததும் இங்கே நிகழ்ந்ததும் இதுதான்: ஆட்கள் கலையவில்லை.

கட்டடமுள்ள அரங்கின் கதையே இப்படி ஆட்களின் கதையாக முடிகிறதென்றால், கட்டடமே இல்லாத அரங்கின் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு நமக்கு நெருங்கிய சான்று சுமத்ராத் தீவின் வடமுனையில் உள்ள அச்சே. மக்காவின் முற்றம் என்று தம் நாட்டைப் பெருமையோடு கூறிக்கொள்ளும் முஸ்லிம்கள் வாழும் மாநிலம். 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலையில் அங்கு இறந்தோரும் காணாமற்போனோருமாக ஏறத்தாழ 1 இலட்சத்து 70 ஆயிரம் பேர். நம் தமிழ்நாட்டுக் கரையில், பெரும்பாலும் நாகப்பட்டின மாவட்டத்தில், மாண்டவர் ஏறக்குறைய 8 ஆயிரம் என்பதோடு ஒப்பிட்டால் அந்த அழிவின் அளவு விளங்கும்.

அச்சேயில் ஹிக்காயத் என்னும் செய்யுட்கதைகளை இராகத்தோடு சொல்லும் கலை பழமையானது. நம்மவர் கிஸ்ஸாவும் படைப்போரும் இராகமிட்டு வாசித்ததற்கு உடன்பிறப்பு என்றே சொல்லலாம். அக்கலையில் புகழ்பெற்றவர் தெங்கு அத்னான் என்பார். ஊர் ஊராக மருந்து விற்பவர்; கூட்டம் சேர்ப்பதற்காகக் கதை சொல்வார். தலையணையைத் தட்டித் தாளம் போடுவார், வாளைச் சுழற்றுவார், புல்லாங்குழல் ஊதுவார், அரசனாகவும் அரசியாகவும் பறவையாகவும் தாமே மாறுவார். அவ்வட்டாரத்தில் ஓடிய பி.எம்.டி.ஓ.ஹெச். என்ற பேருந்தின் ஊதல் ஒலியை அச்சாகச் செய்து காட்டியதால், மக்கள் அவரை ‘பி.எம். தோ’ என்றே அழைத்தனர். காலப்போக்கில் ஆளின் பட்டப்பெயர் கலையின் பெயராகவே ஆகிவிட்டது. (நம் ஊரில் ‘நவாப்’ ஒட்டிக்கொண்ட கதையும் இதுவும் ஒன்றுதான்.)

அவரிடம் கற்றவர்களில் ஒருவர் அகுஸ் நூர் அமல். ஜகார்த்தாவில் கலைக் கல்லூரியில் பயின்றவர். வாளுக்கும் புல்லாங்குழலுக்கும் பதிலாகப் பிளாஸ்டிக் வாளி, குடை, பொம்மை, துடைப்பம் என வீட்டுச் சாமான்களை வைத்துக் கதை சொல்பவர். பேரலைக்குப் பின் இவர் அச்சே சென்று அகதி முகாம்களில் குழந்தைகள் நடுவே கதை சொன்னார். தொலைக்காட்சிப் பெட்டியின் சட்டம் போன்ற ஒன்றைச் செய்து, அதனுள் முகத்தை வைத்துச் செய்தி படிப்பார். குழந்தைகளையும் உள்ளே அழைத்துப் பேசவைப்பார். குப்பையில் கிடைப்பதுதான் அங்கே மேடைச் சாமான். பேரலை அடித்துப்போட்ட ஊரில் குப்பைக்கா பஞ்சம்!

இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. பேரலைக்கு முன் பல்லாண்டுகளாக அச்சேயில் உள்நாட்டுப் போர். இரவில் கூட்டம் கூடுவதே அச்சத்துக்குரியதாக இருந்தது. 2005 ஆகஸ்டு 15-இல் ஹெல்சிங்கியில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்பின்தான் இரவு முழுவதும் அமர்ந்து கேட்கும் கலைகளுக்கு மூச்சு வந்தது. முதியவர் அத்னான் 2006-இல் காலமானார். அவர் மாணவர்களைப் பெற்றிருந்ததால் அவர் சொன்ன முறை அவரோடு அடங்கவில்லை.

இப்பொழுது சுவேத நதிக் கரைக்குத் திரும்புவோம். தாது வருஷம் என்று மக்கள் இன்றும் சொல்லும் 1876-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 1878 வரை பஞ்சம் நீடித்தது. அக்காலச் சேலம் மாவட்டம் இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கும் சேர்ந்தது. கெங்கவல்லியும் அதனுள் அடங்கும். 1871 குடிக்கணக்கில் அம்மாவட்டத்தில் 19 இலட்சத்து 67 ஆயிரம் பேர். பத்தாண்டு கழித்து 1881 கணக்கில் 16 இலட்சம் பேர். மாண்டவரும் ஊர்விட்டு ஓடியவரும் சேர்ந்து ஐவரில் ஒருவர் அளவுக்குக் குறைந்து போயினர். நிவாரணக் கூலியாக ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதுமென்று சர் ரிச்சர்டு டெம்பிள் 1877-இல் குறைத்தார். உழைப்பவனுக்கு அது போதாதென்று மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். இந்த வழக்கு ஏடுகளில் விரிவாக உண்டு. கூத்தாடியைப் பற்றி அந்த ஏடுகளில் தேடினால் பயனில்லை. உழவன், நெசவாளி என்று எழுதினர். ‘கூத்து வாத்தியார்’ என்று ஒரு பத்தி வரைய எவருக்கும் தோன்றாது.

ஆனால் கூத்தின் பொருளாதாரம் அறிந்தவர்க்கு நடந்திருப்பது என்னவென்று ஊகிப்பது கடினமன்று. தை அறுப்புக்குப் பின் தொடங்கி ஆடி வரை கூத்துப் பருவம். களத்தில் நெல்லோ கம்போ சோளமோ இருந்தால்தான் ஊரார் கூடி வரி பிரிப்பர். வெற்றிலை பாக்கோடு அச்சாரம் வாத்தியார் வீடு தேடிப் போகும். ஒரு பருவம் பொய்த்தால் வரி இல்லை. வரி இல்லையேல் ஆட்டமில்லை. கூத்தாடிகளிற் பெரும்பாலோர் மற்ற மாதங்களில் கூலி வேலை செய்பவர்கள். பஞ்சத்தில் அந்தக் கூலியும் போகும். முதலில் விற்பனைக்குச் செல்வது ஆர்மோனியமும் மிருதங்கமும். இலேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு ஒட்டிய கிரீடமும் புஜக்கட்டையும் வாங்குவார் இல்லாததால் பரணில் கிடந்து கறையான் அரிக்கும். இவை போனால் மீண்டும் செய்துகொள்ளலாம்; தச்சரும் மரமும் இவ்வட்டாரத்தில் குறைவில்லை. தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. போனால் திரும்பாதது வாத்தியார்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. வறட்சி கூத்தைக் கொல்கிறது என்றோம். அந்த வறட்சியே கூத்தை அழைக்கவும் செய்கிறது. பாரதத்தின் விராட பருவத்தை வாசித்தாலோ ஆடினாலோ மழை பெய்யும் என்பது தமிழ்நாட்டு உழவரிடையே நெடுங்கால நம்பிக்கை. அந்நம்பிக்கை அவர்களுடையது, நாம் மழை வேண்டித் திடலுக்குச் சென்று இஸ்திஸ்கா தொழுவோம். ஆனால் வயிற்றில் ஒன்றுமில்லாத ஆண்டிலும் ஊர் கூடி ஒரு வாத்தியாரை அழைத்து ஒரு படி தானியம் கொடுக்க அது காரணமாயிற்று என்பதை வரலாறு எழுதுபவன் மறைக்கலாகாது.

ஊர்விட்டுப் போனவர்கள் எங்கு சென்றனர்? ஏராளமானோர் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றனர். பஞ்ச ஆண்டுகளில் அந்தக் குடிபெயர்வு பெருகியது பதிவான செய்தி. அங்கே லயத்து அறைகளில் முடங்கிய மக்கள் காமன் கூத்தையும் அருச்சுனன் தபசையும் பொன்னர் சங்கரையும் ஆடினர். மலையகத் தோட்டங்களில் இவை இன்றளவும் நிலைத்திருக்கின்றன. கொங்குச் சீமையின் கதையாகிய பொன்னர் சங்கர் நுவரெலியாக் குளிரில் ஆடப்படுவதற்கு, எவரோ ஒருவர் அதை நெஞ்சில் சுமந்து கொண்டு மண்டபம் கடந்து சென்றிருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் கரும்பு வெட்டப் போனவர்களோடு தெருக்கூத்து சென்றது. பஞ்சம் ஓரிடத்தில் பிடுங்கியதை வேறோரிடத்தில் நட்டது என்று சொல்லி மகிழலாமா? பிடுங்கப்பட்ட ஊரில் வெற்றிடம் வெற்றிடம்தான்.

நெஞ்சில் சுமப்பது என்றதும் மத்ரஸாவில் பயின்றவர்க்கு ஹிஃப்ழு நினைவுக்கு வராமல் இராது. யமாமாப் போரில் திருக்குர்ஆனை மனனம் செய்த தோழர்கள் பலர் ஷஹீதாயினர். இப்படியே போனால் குர்ஆனின் பகுதிகள் தப்பிவிடுமோ என்று உமர் (ரலி) அவர்கள் அஞ்சி வற்புறுத்த, கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் தயங்கிப் பின் இசைந்து, ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் தொகுக்கும் பணியை ஒப்படைத்தார்கள். இறைமறையைக் கூத்தோடு ஒப்பிடுவதாக எவரும் பிழையாகக் கொள்ள வேண்டாம். மனிதர் நெஞ்சில் இருப்பது மனிதரோடு போய்விடும் என்ற அச்சம் அனைத்துக்கும் பொது என்பதையே சொல்கிறோம். எழுத்தில் வந்த பின்னும் ஓதும் முறை எழுத்தில் முழுமையாக அடங்கியதா? முஸ்ஹஃப் கையில் இருந்தாலும் மக்ரஜை உஸ்தாதின் வாயைப் பார்த்தே கற்கிறோம்.

கூத்துக்கும் அச்சு வந்தது. பஞ்சத்துக்குப் பிந்திய பத்தாண்டுகளில் சென்னையில் பெரிய எழுத்துப் புத்தகங்கள் மலிந்தன. கூத்துப் பாடல்களும் அவற்றில் ஏறின. கொண்டித்தோப்பு இரத்தின நாயகர் பதிப்புகளைக் காணாத கிராமம் இல்லை. நம் பக்கத்தில் திருவல்லிக்கேணி ஷாஹுல் ஹமீதிய்யாப் பதிப்புகள் அதே தொண்டைச் செய்தன. புத்தகத்தில் விருத்தம் இருக்கும். எந்த விருத்தத்தில் திரை விலக வேண்டும், துரியோதனன் எந்த அடவில் நுழைய வேண்டும், முகவீணைக்காரன் எங்கே இழுக்க வேண்டும் என்பவை இரா. அவை வாத்தியாரிடம் உள்ளன.

2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் பெருந்தொற்றால் இந்த வாத்தியார்களின் நிலை மீண்டும் சோதிக்கப்பட்டது. மழை பொய்க்கவில்லை, ஆனால் திருவிழாக்கள் தடைப்பட்டன. தை முதல் ஆடி வரையான பருவம் இருமுறை சிதைந்தது. நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தில் பதிவு செய்தோர்க்கு அரசின் சிறு உதவித்தொகை கிட்டியது. பதியாதோர்க்கு அதுவும் இல்லை. ஓராண்டு வருமானமின்றி ஐம்பது வயதுக் கலைஞன் தாக்குப்பிடிப்பான். அவனிடம் கற்றுக்கொண்டிருந்த இருபது வயது இளைஞன் திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவான். போனவன் அடுத்த பருவத்துக்குத் திரும்பாவிட்டால் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போகிறது. இந்த இழப்பை எந்த வட்டாட்சியர் அலுவலகமும் எழுதிக்கொள்ளாது.

நம் மஹல்லாக்களிலும் கணக்கு வேறில்லை. சீறாவின் ஐயாயிரத்துச் சொச்சம் பாடல்களுக்கும் இராகமிட்டு வாசித்து உரை சொல்லும் பெரியவர்கள் ஒரு காலத்தில் ஊர்தோறும் இருந்தனர். தாயிரா தட்டிக்கொண்டு வரும் பக்கீர்கள் அறுப்புக் காலத்தில் களம்தோறும் நின்று பாடி ஒரு முறம் தானியம் பெற்றுச் சென்றனர். களம் வற்றியபோது அவர்கள் வரவு குறைந்தது. சீறா அச்சில் இருக்கிறது. அதைப் பாடிய மெட்டு எத்தனை வீடுகளில் இருக்கிறது?

ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டைச் சாம்பல் ஆண்டு என்று வரலாற்றாசிரியர் குறிப்பர். ஹிஜாஸில் மழையற்று மண் சாம்பலாய்ப் பறந்த ஆண்டு. மதீனாவைச் சுற்றிப் பாலைவன மக்கள் வந்து குவிந்தனர். உமர் (ரலி) அவர்கள் தாம் நெய்யை விலக்கி, ஷாமிலிருந்து தானியம் தருவித்து, அவர்களுக்கு உணவளித்தார்கள். மழை பெய்த பின் அவர் செய்த காரியம் நம் பொருளுக்கு மிக நெருங்கியது. வந்தவர்களை நகரிலேயே தங்கவிடாமல், வழிச்செலவும் வாகனமும் கொடுத்து அவரவர் நிலத்துக்கு அனுப்பி வைத்தார்கள். பஞ்சத்தில் உயிரைக் காப்பது ஒரு வேலை. மழை வந்தபின் அவரவர் தொழிலுக்கு அவரவரைச் சேர்ப்பது இன்னொரு வேலை. பின்னதை எண்ணிப் பார்ப்போர் எக்காலத்திலும் சிலரே.

கெங்கவல்லிப் பக்கம் மரவள்ளிக் காடுகள் மிகுதி. ஆத்தூர் சேகோ ஆலைகளுக்குக் கிழங்கு போகும். மழை குறைந்த ஆண்டில் அந்தக் காட்டில் கிழங்கு பிடுங்கும் கூலிகளுள் ஒரு கூத்து வாத்தியாரும் இருப்பார். பார்ப்போர்க்கு அவர் ஒரு கூலி. ஒரு பாரதம் முழுவதும் அவருக்குப் பாடம். கொல்லிமலையில் மழை இறங்கி, சுவேத நதியில் நீர் ஓடி, தையில் களம் நிறைந்தால், மாசியிலோ பங்குனியிலோ அயலூர்ப் பெரியவர் ஒருவர் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் அச்சாரப் பணமும் வைத்துக்கொண்டு அவர் வீட்டைத் தேடி வருவார்.